தொண்ணூற்றாறாம் பக்கம்

அத்தானைப் பற்றி ஒரு பக்க அறிமுகம் எழுதித் தரச் சொல்லி விஞ்ஞானக் கதை வாசகர் சங்கத்திலிருந்து மூன்று தடவை ஆள் வந்துவிட்டது. புதுப் பதிப்பு போடுகிறார்களாம். எங்கே வேலை பார்த்தார், எப்போது எழுத ஆரம்பித்தார், அவ்வளவு போதுமாம். "சுருக்கமா, சுவையா இருக்கட்டும் சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார் செயலாளர். சுவையாவது மண்ணாங்கட்டியாவது. கேட்டது என்னிடம், அதனால் எனக்குத் தெரிந்தபடிதான் எழுதுவேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். பாட்டிலில் பானம் அடைக்கும் தொழிற்சாலையில் டைம்கீப்பராக இருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் அறை, கம்பி போட்ட ஜன்னல், அட்டையைச் செருகினால் நேரத்தை அடித்துத் துப்பும் ஒரு கடிகாரம். எண்ணூறு பேருடைய வருகையும் போக்கும் அவர் கண்ணெதிரில்தான் நடக்க வேண்டும். தொழிற்சாலையில் அவருக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர். "நிமிஷம் இன்னைக்கு லீவாம், கேட்ல நேரமே ஓடல" என்று கிண்டல் செய்வார்கள். மனிதர் சிரித்துக்கொள்வார், ஆனால் ஒரு நிமிஷத்தைக்கூட யாருக்கும் கூட்டியோ குறைத்தோ எழுதியது கிடையாது. என் கல்யாணத்தன்று நான் மேடைக்குப் பதினோரு நிமிஷம் தாமதமாக வந்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஷிப்டு மாறும் அரை மணி நேரம்தான் அந்த அறையில் வேலை. மீதி நேரமெல்லாம் படிப்பார். வாடகை நூலகத்தில் எல்லோரும் குடும்பக் கதையும் துப்பறியும் கதையும் எடுத்துப்போக, இவர் மட்டும் தூசி தட்டி விஞ்ஞானக் கதைகளை எடுத்து வருவார். மொழிபெயர்ப்பு, தழுவல், அட்டை கிழிந்தது, நடுவில் முப்பது பக்கம் காணாமல் போனது, எதையும் விடமாட்டார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அக்காவுக்கும் எனக்கும் பிரசங்கம் நடக்கும். சந்திரனுக்குப் போவதை முதலில் கதையில்தான் போனார்கள், கடலுக்கடியில் கப்பலை முதலில் கதையில்தான் ஓட்டினார்கள், மனுஷன் செய்த மனுஷன் முதலில் கதையில்தான் எழுந்து நின்றான் என்பார். "எழுதினவன் பாதி பேர் பயந்து போய் எழுதினான். படிச்சவன் பூரா பேரும் ஆசைப்பட்டுப் படிச்சான்" என்று ஒருநாள் சொன்னார். அக்கா, சாதம் ஆறுது, முதல்ல சாப்பிடுங்க என்றாள்.

அவர் எப்படி எழுத ஆரம்பித்தார் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடைந்த பாட்டில்களை அள்ளிக்கொண்டு போகும் வண்டி அவர் ஜன்னலைத் தாண்டித்தான் வெளியே போகும். எத்தனை மணிக்கு, எத்தனை கூடை என்று குறித்து வைப்பது அவர் வேலை. குறித்துக் குறித்து மனிதருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கூடை இரண்டு மடங்கு. உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். பாட்டில் உடைவதற்கு முன்னால் மூடி சாய்கிறது. மூடி சாய்வதற்கு முன்னால் லேபிள் கோணுகிறது. கோணல் லேபிள் ஒன்று வந்தால் சரியாக இருபது நிமிஷத்தில் அந்தக் கையிலிருந்து ஒரு பாட்டில் நழுவும். களைப்பு திடீரென்று வருவதில்லை, சின்னச் சின்னத் தப்பாக வரிசையில் நின்று வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரு வருஷம் முழுக்க எழுதி வைத்தார்.

அந்த நோட்டை நேரே மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று மணிக்கு ஒரு கால் மணி நேரம் உட்காரவிட்டால் கண்ணாடியும் மிஞ்சும், கையும் மிஞ்சும் என்பது இவர் கணக்கு. மேனேஜர் தோளில் தட்டி, மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்துப் பரிசாகக் கொடுத்தார். அடுத்த மாதம் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று மணிக்குப் பெல்ட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். மற்ற நேரமெல்லாம் ஏற்றிவிட்டார்கள். பாட்டில் உடைவது நின்றது. உட்கார்ந்தவன் ஒருவனும் இல்லை. யார் கொடுத்த யோசனை என்று தொழிலாளிகளுக்குக் கடைசிவரை தெரியாது. அத்தானுக்குத் தெரியுமே. மாதக்கணக்கில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டதற்கு அக்காதான் விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

அந்தப் புழுக்கத்தில்தான் 'களைப்புமானி' என்ற நாவலை எழுதினார். அச்சகத்தில் இருந்த நான்தான் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு போய்ப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். அவர் மாதம் ஒரு நாவல் போடுகிறவர். விஞ்ஞானக் கதையா, ராக்கெட் உண்டா என்று கேட்டார். ராக்கெட் இல்லை, கையில் கட்டுகிற பட்டை ஒன்று உண்டு, களைத்தால் சிவப்பு விளக்கு எரியும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

இனி என் பங்கு. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்போதெல்லாம் அச்சுக் கோத்த எழுத்து நீள நீளத் தாளாக வரும். அதைக் கத்தரித்து, பசை தடவி, கட்டம் போட்ட அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டும். அது என் வேலை. மாத நாவல் என்றால் தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், மொத்தம் ஆறு ஃபாரம். ஒரு பக்கம் கூடினாலும் மெஷின் வாங்காது. கதை நீண்டால் வெட்டுவது எழுதியவர் வேலை இல்லை, ஒட்டுகிறவன் வேலை. யாரையும் கேட்கிற பழக்கம் கிடையாது. நிலா, மழை, கதாநாயகியின் கண், இதில் எங்காவது பத்து வரியைத் தூக்கினால் எந்த வாசகனும் சண்டைக்கு வரமாட்டான். இன்னொரு பழக்கமும் உண்டு. ஒட்டுகிறவன் படிக்கக் கூடாது. படித்தால் கை நின்றுவிடும். பக்கத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்ப்போம், தொடர்ச்சி சரியாக இருக்கிறதா என்று. பதினெட்டு வருஷம் நான் நாவல் ஒட்டினேன், ஒன்றுகூட முழுதாகப் படித்ததில்லை.

களைப்புமானியில் ஐந்து ஃபாரம் அச்சாகிவிட்டது. கடைசி ஃபாரம் என் மேஜையில் இருந்தது. பதிப்பாளர் வந்து, முழுப் பக்கம் சோப்பு விளம்பரம் ஒன்று வந்திருக்கிறது, கடைசிப் பக்கத்தில் போடு, கதையில் ஒரு பக்கம் இறக்கு என்றார். முன்னால் வெட்ட வழியில்லை, அதெல்லாம் அச்சாகிவிட்டது. மெஷின்காரன் வேறு கதவில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். தொண்ணூற்றைந்தாம் பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தேன். 'சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயிரம் பேரும் உட்கார்ந்தார்கள்.' இதைவிட நல்ல முடிவு எவனுக்குக் கிடைக்கும் என்று என் மூளைக்குத் தோன்றியது. தொண்ணூற்றாறாம் பக்கத்தைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். 'முற்றும்' என்ற நாலெழுத்தை எடுத்து ஒட்டினேன். அது அழகாக உட்கார்ந்தது.

புத்தகம் வந்த அன்று மத்தியானம் அத்தான் தொழிற்சாலையிலிருந்து நேரே அச்சகத்துக்கு வந்தார். ஷிப்டு நேரத்தில் அவர் கேட்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஒரு பக்கம் எங்க மச்சான்?" என்றார்.

விளம்பரம் வந்ததைச் சொன்னேன். ஆனாலும் முடிவு அருமையாக அமைந்துவிட்டது என்றும் சொன்னேன். என் வாயில் அன்றைக்குச் சனி. அவர் கத்தவில்லை. குப்பைக்கூடை எங்கே என்று கேட்டார். அது காலையிலேயே போய்விட்டது. அங்கேயே என் மேஜையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினார். ஒரு வார்த்தை அடிக்காமல் எழுதினார். அடுத்த மாத இதழில் திருத்தம் என்று இதைப் போடுங்கள் என்று பதிப்பாளரிடம் நீட்டினார்.

பதிப்பாளர் பார்க்கலாம் என்றார். ஆனால் அதற்குள் கடிதம் வர ஆரம்பித்துவிட்டது. சாக்குப்பையில் வந்தது. நெசவு ஆலையிலிருந்து எழுதினார்கள், துறைமுகத்திலிருந்து எழுதினார்கள், ஆஸ்பத்திரி நர்சுகள் எழுதினார்கள். மேஸ்திரியின் தயவு இல்லாமல், வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காமல், களைத்தவனை உட்காரச் சொல்லும் ஒரு கருவி. இப்படி ஒன்று வராதா ஐயா என்று எழுதினார்கள். பதிப்பாளர் அத்தானைக் கூப்பிட்டு, இவ்வளவு பேர் சந்தோஷமாக மூடிய புத்தகத்தை நான் எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று ஒன்பது பதிப்பு போனது. ஒன்பதிலும் தொண்ணூற்றைந்து பக்கம்தான் கதை.

அத்தான் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. என்னோடு நாலு வருஷம் பேசவில்லை. ஒரே வீட்டு வாசலில் எதிரும் புதிருமாக நிற்போம், அக்கா நடுவில் நின்று, அவர் கேட்டதை எனக்கும் நான் சொன்னதை அவருக்கும் சொல்லுவாள். அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அன்றுதான், "மச்சான், கொஞ்சம் தண்ணி குடு" என்றார். அன்றிலிருந்து பேச்சு வந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம் எழுதினான், அதையும் நான் முடமாக்கினேன்.

அக்காவுக்கு ஒரே மகள். முப்பத்தெட்டு வயதாகியும் எங்களுக்குப் பாப்பாதான். புருஷன் சரியில்லை என்று திரும்பி வந்தவள், அப்பாவோடு இருக்கிறாள். பார்சல் கம்பெனி ஒன்றின் கிடங்கில் வேலை. பெல்ட்டில் வரும் பெட்டியை எடுத்து, ஊர் பார்த்து, சரியான கூண்டில் போட வேண்டும். பத்து மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. அவளுக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். வேலையை விடு, இல்லாவிட்டால் நடுநடுவே காலை மேலே தூக்கி வைத்து உட்காரு, இல்லையென்றால் நரம்பு வெடிக்கும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அத்தானின் தொழிற்சாலை மூடி வருஷக்கணக்காகிறது. வீடு அவள் கையில்தான் ஓடுகிறது, விடுவது எப்படி?

ஆனால் பாருங்கள், அந்தக் கிடங்கில் அவளால் உட்கார முடிந்தது. அங்கே எல்லோர் கையிலும் ஒரு பட்டை. களைப்பு ஏற ஏறப் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். சிவப்பு வந்தால் பன்னிரண்டு நிமிஷம் உட்கார்ந்தே தீர வேண்டும். சூபர்வைசர் வாயைத் திறக்க முடியாது. பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு நாலு சிவப்பு வரும். நாலு தடவையும் காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். பார்சல் முதலாளி பதினோரு வயதில் களைப்புமானியைப் படித்தவராம். பேட்டிக்குப் பேட்டி அதைத்தான் சொல்லுவார். அந்த ஒரு புத்தகம்தான் என்னை இஞ்சினியர் ஆக்கியது, பட்டை என் யோசனை இல்லை, அந்த எழுத்தாளருடையது என்பார். எழுதியவர் உயிரோடு இருக்கிறார், அவர் மகள் இந்த முதலாளியின் கிடங்கிலேயே பெட்டி தூக்குகிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பாப்பா சொல்லவில்லை. "அப்பா எழுதினதால உக்கார்றேன். அது எனக்குத் தெரிஞ்சாப் போதும் மாமா" என்பாள்.

போன வருஷம்தான் இந்த வாசகர் சங்கம் ஒரு பட்டியல் போட்டது. நம் மொழியில் அதிகத் தாக்கம் உண்டாக்கிய பத்து விஞ்ஞானக் கதைகள். களைப்புமானிக்கு மூன்றாவது இடம். அத்தானைத் தேடிப்பிடித்து விழாவுக்கு அழைத்தார்கள். பார்சல் முதலாளிதான் சிறப்பு விருந்தினர்.

அழைப்பு வந்த அன்று காலையில் அத்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சமையலறையில் மூன்று பேரும் இருந்தோம். பாப்பா வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிக்கலாமா என்று நினைக்கிறேன் என்றார் அத்தான். முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுக்கிறார். 

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம்பா" என்றாள். "எங்க முதலாளி நல்லதாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்காரு. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

அவள் சொன்னது அவ்வளவுதான். அத்தான் தயங்கினார், அது முகத்தில் தெரிந்தது. விட்டிருந்தால் அன்றே விட்டிருப்பார். நான் விட்டேனா? எனக்குத்தானே பாவத்தைக் கழுவ அவசரம். உன் அப்பா மனசு உனக்குத் தெரியுமா, பாதிக் கதைக்குப் பரிசு வாங்குவது அவமானம் இல்லையா, உண்மையைச் சொன்னால் அந்த ஆளும் ஜாக்கிரதையாக இருப்பார் இல்லையா என்று அவளைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் ஷூ முடிச்சை இறுக்கிவிட்டு, நேரமாச்சு மாமா என்று எழுந்து போனாள். நான் அத்தானுக்குப் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன்.

விழாவில் பேச்சு என்றால் பேச்சு, அப்படி ஒரு பேச்சு. கதையில் வந்த கண்ணாடித் திரை இன்று நம் பையில், கதையில் வந்த பேசும் பொறி இன்று நம் வீட்டில் என்று ஒவ்வொருவரும் அடுக்கினார்கள். பட்டியலில் இருந்த பத்தில் ஏழு கதை, ஐயோ இப்படி ஆகிவிடுமே என்று அலறி எழுதிய கதை. அந்த அலறலைப் பற்றி ஒருத்தர் மூச்சுவிடவில்லை. வீடு கட்டப் படம் போட்டுக் கொடுத்த மாதிரி, இது வந்துவிட்டது, அதுவும் வந்துவிட்டது, இன்னும் இது ஒன்றுதான் பாக்கி என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் பையில் இருக்கிற காகிதத்தை எடுக்கட்டும், அப்போது தெரியும் உங்களுக்கு என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்து, இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு என்று சொல்லிவிட்டுப் படித்தார். பெல்ட் முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். சிவப்பு விளக்கு வருமா என்று பார்க்கிறாள். களைத்துவிட்டேன் என்று கருவியிடம் சொல்கிறாள். அவளிடம் இன்னும் ஒன்பது நிமிஷத் தெம்பு பாக்கி இருக்கிறது என்று கருவி சொல்கிறது. ஒன்பது நிமிஷம் கழித்துக் கேட்கிறாள். பெல்ட் கொஞ்சம் மெதுவாகிறது, பாக்கி மறுபடி ஒன்பது நிமிஷம் ஆகிறது. அடுத்த நாளும் ஒன்பது. அடுத்த வருஷமும் ஒன்பது. யாரும் விழவில்லை, யாரும் உட்காரவில்லை. அவ்வளவுதான் கதை.

 எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தட்டினேன். பார்சல் முதலாளி மேடைக்கு ஓடிவந்து அத்தானைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, நடிப்பு இல்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். ஒவ்வொருவரிடமும் எவ்வளவு பாக்கி என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? எங்கள் பட்டை நாடித்துடிப்பைத்தான் பார்க்கிறது, அவ்வளவு துல்லியம் வரவில்லையே என்றார்.

அத்தானின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருவரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நாடியைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்று ஆரம்பித்தார். கோணல் லேபிள், சாய்ந்த மூடி, இருபது நிமிஷம், எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வருஷ நோட்டு அவருக்கு மனப்பாடம். எந்தத் தப்புக்குப் பிறகு எந்தத் தப்பு, எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும், வரிவரியாகச் சொன்னார். முன்வரிசையில் கம்பெனி ஆட்கள் குறித்துக்கொண்டார்கள். மைக் கொஞ்சம் தள்ளி இருந்தது. நான் எழுந்துபோய் அதை அவர் வாய்க்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

மேனேஜரிடம் ஒருதடவை நோட்டைக் கொடுத்து அனுபவப்பட்டவர்தானே, மறுபடியும் எப்படிச் சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "அவன் நோட்டை மட்டும்தான் பாத்தான். இவங்க கதையைக் கேட்டாங்களே மச்சான்" என்றார். கதையைக் கேட்டவன் மனசு மாறிவிடும் என்று நம்பியிருக்கிறார், பைத்தியக்கார மனுஷன்.

நாலு மாதத்தில் கிடங்கில் புதுப் பட்டை வந்தது. பாப்பாவுக்கு நாலு சிவப்பு மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று, அப்புறம் சிவப்பே இல்லை. மஞ்சள் முற்றி, இதோ சிவப்பு என்கிற நேரத்தில் பெல்ட் கொஞ்சம் மெதுவாகிவிடும். மஞ்சள் இறங்கும். உடனே வேகம் ஏறும். கிடங்கின் சுவரில் பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். புது முறைக்கு 'பக்கம் 96' என்று பெயர். எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதையாம்.

அத்தானும் நானும் பார்சல் முதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் வாசல்வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். தன் நாற்காலியில் அத்தானை உட்காரவைத்துத் தான் நின்றுகொண்டார். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. புது முறை வந்தபிறகு ஒருத்தர்கூட மயங்கி விழவில்லை, ஒரு பெட்டிகூட மாறிப் போகவில்லை என்று திரையில் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோடு ஏற்ற இறக்கமே இல்லாமல் நேராகப் போனது.

"விழலைன்னா சரியாப் போச்சா?" என்றார் அத்தான்.

"விழாம பாத்துக்கறதுதானே ஐயா கதை?" என்றார் அவர். புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

அப்போதுதான் அத்தான் மகளைப் பற்றிச் சொன்னார். உங்கள் கிடங்கில்தான் நிற்கிறாள், காலில் இப்படி ஒரு வியாதி, டாக்டர் உட்காரச் சொல்லியிருக்கிறார் என்றார். வாழ்நாளில் யாருக்கும் ஒரு நிமிஷம் கூட்டி எழுதாத மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு மட்டும் பழைய பன்னிரண்டு நிமிஷத்தைத் தரமுடியுமா என்று கேட்டார். முதலாளிக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. 

"உங்க பொண்ணுன்னு தனியா ஒரு விதி வச்சா நியாயமா ஐயா? வேண்டியவன் வேண்டாதவன் பாக்காத கருவின்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே" என்றார்.

  டீ வந்தது, குடிக்காமல் எழுந்து வந்தோம். 

சாயங்காலம் பாப்பா வந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கூடத்தில் இருந்த நாற்காலியில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட இல்லை. கால் வீங்கி, ஷூவின் விளிம்புக்கு மேலே சதை பிதுங்கிக்கொண்டிருந்தது. அத்தான் தரையில் உட்கார்ந்து அவள் ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். முதலாளியைப் பார்த்தோம், அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்தான் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

"மாமா அன்னைக்கு வெட்டினாரே அப்பா" என்றாள். "அதோட விட்டிருக்கலாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அசதியில் சொன்னாள். முப்பது வருஷமாக எதை நினைத்து நான் வெட்கப்பட்டேனோ, அது ஒன்றுதான் என் கையால் அந்தக் குடும்பத்துக்கு நடந்த நல்லது. அதையும் நானே போய்க் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அத்தான் குனிந்த தலையைத் தூக்கவில்லை. "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார். ஷூ வரவில்லை, வீக்கத்தில் இறுகியிருந்தது. என்னைக் கத்தரிக்கோல் எடுத்து வரச் சொன்னார்.